என் விசுவாசம் நிஜமா, வெறும் பழக்கமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்ல நீங்க யாரு, பாஸ்டரா?

இல்லைங்க. பேங்க்ல கிளார்க்கா சேந்து ஆபீசரா ரிட்டயர் ஆனவன், எங்க சர்ச்சுல வியாழக்கிழமை சாயங்காலம் நடக்குற பைபிள் ஸ்டடிய எட்டு வருஷமா நான்தான் நடத்துறேன். லெந்து காலம், அதான் ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், வந்தா போதும், ஒவ்வொருத்தரா கூட்டம் முடிஞ்சு செருப்பு மாட்டுற நேரத்துல வந்து ரகசியமா கேப்பாங்க, "அண்ணே, எனக்கு உண்மையிலேயே விசுவாசம் இருக்கான்னே தெரியல." கேக்குற விதம்தான் வேற வேற, கேள்வி சுத்திச் சுத்தி ஒண்ணுதான். அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிட்டேன். நான் தியாலஜி படிச்சவன் இல்ல, ஆனா ஆடிட்னா என்னன்னு தெரியும். ஆடிட்டர் வந்தா நம்மளுக்கு நல்லவன்னு சர்டிபிகேட் குடுக்க மாட்டாரு, எந்த லெட்ஜர் இடிக்குதுன்னு காட்டிட்டுப் போவாரு, அப்புறம் அத சரி பண்றது நம்ம வேலை. நான் சொல்லப்போறது பூரா அவ்வளவுதான்.

நான் பரம்பரை கிறிஸ்டியன். ஞானஸ்நானம், திடப்படுத்தல் எல்லாம் ஆச்சு. நான் எதுக்கு என்னை சோதிக்கணும்?

இத கேக்குறவங்க முக்கால்வாசி பேரு என்னை மாதிரி நாலஞ்சு தலைமுறை ஆளுங்க. "நீங்கள் விசுவாசமுள்ளவர்களோவென்று உங்களை நீங்களே சோதித்து அறியுங்கள்"னு பவுல் 2 கொரிந்தியர் 13:5ல எழுதுறாரு. இத எழுதினது வெளியாளுங்களுக்கு இல்ல, ஞானஸ்நானம் எடுத்து, வரம் எல்லாம் வாங்கி, சபையா கூடிட்டு இருந்தவங்களுக்கு. அதுக்கு ரெண்டு வசனம் முன்னாடி பாருங்க, அந்த சபைக்காரங்க பவுலையே டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க, இவரு மூலமா கிறிஸ்து பேசுறாருன்றதுக்கு ஆதாரம் காட்டச் சொல்லுன்னு. என்னை அப்புறம் சோதிங்க, முதல்ல உங்களை சோதிச்சுப் பாருங்கன்னு அவரு அப்படியே திருப்பி விட்டுட்டாரு. நாமளும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜைல பாஸ்டர் ஐயர் பிரசங்கத்துக்கு மார்க் போடுற கூட்டம்தானே, அதனால எனக்கு அந்த இடம் எப்பவும் கொஞ்சம் குத்தும்.

பரம்பரைன்னு சொல்றது பெருமைதான், நான் இல்லேங்கல. 1706ல சீகன்பால்க்னு ஜெர்மன் மிஷனரி தரங்கம்பாடில வந்து இறங்கினதுல இருந்து பாத்தா 300 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னொரு மிஷனரி ரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்து 200 வருஷம் தாண்டியாச்சு. அந்தக் காலத்துல முதல்ல வந்த தாத்தா யாரோ ஒருத்தர் ஊர், சொந்தம், சிலபேரு வீடு நிலம் வரைக்கும் விட்டுட்டு வந்திருப்பாரு. நமக்கு வந்து சேந்தது அவரோட பேரும் சர்ச்சுல நம்ம குடும்பம் உக்கார்ற பெஞ்சும். அவருக்கு அவ்வளவு செலவாச்சு, எனக்கு இதுவரைக்கும் என்ன செலவாச்சுன்னு கேட்டா நேர்மையா சொல்ல ஒண்ணும் இருக்காது நம்மள்ல பலபேருக்கு.

எனக்கு "இந்தத் தேதில ரட்சிக்கப்பட்டேன்"னு சொல்லத் தெரியாது. அப்போ நான் ரட்சிக்கப்படலையா?

சர்ச்சுல சாட்சி சொல்ற நேரத்துல ஒருத்தர் எந்திரிச்சு "1994 மே மாசம் 12ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு"ன்னு ஆரம்பிச்சா பக்கத்துல இருக்குற நமக்கு வயித்தக் கலக்கும், எனக்கும் கலங்கியிருக்கு. ஜான் வெஸ்லியப் பாருங்க, மெதடிஸ்ட்காரங்களுக்கு அவரு முன்னோடி. குருவா பட்டம் வாங்கி, கடல் தாண்டி அமெரிக்காவுல ஜார்ஜியா வரைக்கும் மிஷனரியா போனவரு. அங்க ஸ்பாங்கன்பெர்க்னு மொராவியன் சபைத் தலைவர் ஒருத்தர் அவர்கிட்ட, இயேசு கிறிஸ்துவ உனக்குத் தெரியுமான்னு கேட்டாரு, இவரு அவர் உலக ரட்சகர்னு தெரியும்னாரு, சரி, உன்னை ரட்சிச்சிருக்காருன்னு தெரியுமான்னதும் ஆளு தடுமாறிட்டாரு. அப்புறம் 1738 மே 24 ராத்திரி எட்டே முக்கால் மணிக்கு லண்டன்ல ஒரு சின்னக் கூட்டத்துல உக்காந்திருக்கும்போது உள்ளம் இதமா சூடேறினது மாதிரி இருந்துச்சுன்னு டைரில எழுதினாரு. தேதி, நேரம் எல்லாம் பக்காவா இருக்கு. இத எல்லாரும் சொல்வாங்க. ஆனா அதே மனுஷன் 1739 ஜனவரில, எட்டு மாசம்கூட ஆகல, நான் இப்பவும் கிறிஸ்டியன் இல்லன்னு அதே டைரில எழுதி வச்சிருக்காரு. அத யாரும் கன்வென்ஷன்ல சொல்ல மாட்டாங்க.

தேதி இருந்தவருக்கே அது போதல. பவுலோட சீஷன் தீமோத்தேயுக்குத் தேதியே கிடையாது, பாட்டி லோவிசாள், அம்மா ஐனிக்கேயாள், அவங்ககிட்ட இருந்து வந்த விசுவாசம்னுதான் பவுல் எழுதுறாரு. பிறந்த தேதி தெரியாத எத்தன பாட்டிங்க நம்ம ஊர்ல நல்லா நடமாடிட்டு இருக்காங்க.

ஜெபத்துல எனக்கு அழுகையே வர்றதில்ல. பக்கத்துல எல்லாரும் கைய உயர்த்தி அழறாங்க, நான் மட்டும் கல்லு மாதிரி நிக்கிறேன்.

எனக்கு இதுல ஒரு கருத்து இருக்கு, சிலபேருக்குப் பிடிக்காது. கீபோர்டுல அந்த மெல்லிசான இழுவைச் சவுண்டு ஓடிட்டு இருக்கும்போது, லைட்டையும் கொஞ்சம் கொறச்சு வச்சா, எனக்கு என் பழைய ஸ்கூட்டர வித்தத நெனச்சாக்கூட அழுகை வரும். கண்ணீர் பொய்யின்னு சொல்ல வரல, பேதுரு மனங்கசந்து அழுதது உண்மைதான். கண்ணீர வச்சு அளக்க முடியாதுன்னுதான் சொல்றேன்.

அன்னை தெரசா 1997ல இறந்தாங்க, பத்து வருஷம் கழிச்சு 2007ல அவங்க குருமாருக்கு எழுதின கடிதங்கள் வெளிய வந்துச்சு. உள்ளுக்குள்ள ஒரே இருட்டு, தேவன் இருக்குறாருன்ற உணர்வே இல்லன்னு பக்கம் பக்கமா இருந்துச்சு, ஏறக்குறைய ஐம்பது வருஷம் அப்படித்தான் ஓடியிருக்கு. அப்போ சிலபேரு அவங்க நம்பிக்கை போலின்னு எழுதினாங்க. எனக்கு அப்படித் தோணல. ஒண்ணுமே உணராம காலைல எந்திரிச்சு கல்கத்தா தெருவுல சாகக் கெடக்குறவங்களத் தூக்குறது, உணர்ந்து தூக்குறதவிட கஷ்டம்.

எனக்கு சந்தேகம் வருது. பைபிள்ல சில விஷயம் நம்பவே முடியல.

யோவான்ஸ்நானன் ஜெயில்ல இருந்து ஆள் அனுப்பி "வருகிறவர் நீர்தானா"ன்னு கேட்டாரு, அவரே கை வச்சு ஞானஸ்நானம் குடுத்தவரப் பாத்து. இயேசு கோபப்படல, பதில் சொல்லி அனுப்பிட்டு, ஸ்திரீகளிடத்தில் பிறந்தவங்கள்ல இவர்தான் பெரியவர்னு கூட்டத்துக்கிட்ட சொன்னாரு. மாற்கு 9ல பிசாசு பிடிச்ச பையனோட அப்பா, விசுவாசிக்கிறேன், என் அவிசுவாசம் நீங்க உதவி செய்யும்னு ஒரே மூச்சுல ரெண்டையும் சொல்லிட்டாரு, அவரு பையன் சுகமானான். சந்தேகத்த மறச்சு வச்சுக்கிட்டு ஆமென் போடுறதுதான் எனக்கு பயமா இருக்கும்.

அப்போ எதை வச்சுத்தான் பாக்குறது?

யோவான் முதலாம் நிருபத்த ஒரே உக்கார்ல வாசிச்சுப் பாருங்க, அஞ்சே அதிகாரம், அரை மணி நேரம்கூட ஆகாது. அவரு சுத்திச் சுத்தி கேக்குறது, இயேசு யாருன்னு ஒத்துக்கிறியா, அவரு சொன்னத செய்றியா, கூட இருக்குறவன நேசிக்கிறியா. மூணாவதுதான் நம்மளுக்கு இடிக்கும். மரணத்த விட்டு ஜீவனுக்கு வந்துட்டோம்னு நமக்கு எப்படித் தெரியும்னா, சகோதரரிடத்தில் அன்பு இருக்கிறதாலன்னு 3:14ல சொல்றாரு. உள்ள என்ன தோணுச்சுன்னு அவரு கேக்கவே இல்ல, கொஞ்சம் தள்ளி 17ல, கைல காசு இருந்தும் சகோதரன் கஷ்டப்படுறதப் பாத்து மனச அடச்சுக்கிறியான்னு கேக்குறாரு. பேங்க்காரனுக்கு அது புரியற பாஷை.

வரி வசூல் பண்ற சகேயுவப் பாருங்க, அவரு என்ன ஜெபம் பண்ணினாருன்னு பைபிள்ல இல்ல. யார்கிட்டயாவது அநியாயமா வாங்கியிருந்தா நாலு மடங்கு திருப்பித் தர்றேன்னாரு. இன்னைக்கு இந்த வீட்டுக்கு ரட்சிப்பு வந்துச்சுன்னு இயேசு சொன்னது அதுக்கப்புறம்தான்.

இப்போ என் கதை. எங்கப்பா போனப்புறம், அம்மா முன்னாடியே போயிட்டாங்க, ஊர்ல இருந்த வீடு எனக்கும் அக்காவுக்கும். எங்க ஊர்ல என்ன வழக்கம்னா பொண்ணுக்கு நகை போட்டுக் கட்டிக் குடுத்தாச்சு, வீடு பையனுக்கு. அக்காகிட்ட தன் பங்க விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து வாங்கினேன், ஒரு பட்டுப் புடவையும் ஐம்பதாயிரமும் குடுத்தேன், அக்காவும் ஒண்ணும் சொல்லல, தம்பிதானன்னு போட்டுக் குடுத்துட்டா. சட்டம் அப்படி சொல்லல. கிறிஸ்டியன்களுக்கு 1925ம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம், அதுல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, கல்யாணத்துக்குப் போட்ட நகை அந்தப் பங்குல கழியாது. இது எனக்குத் தெரியும், லோன் செக்ஷன்ல பத்து வருஷம் லீகல் ஒப்பினியன் பாத்தவன் நான். தெரிஞ்சேதான் வாங்கினேன். அப்புறம் அந்த வீட்ட 18 லட்சத்துக்கு வித்தேன். இதெல்லாம் நடக்கும்போதும் நான் சர்ச்சுல கமிட்டி மெம்பர், ஸ்தோத்திரப் பண்டிகைல ஏலம் விடுறவன், வருமானத்துல பத்துல ஒரு பங்கு குடுக்குற தசமபாகம் ஒரு ரூபா கொறையாது. அந்த 18 லட்சத்துலயும் தசமபாகம் குடுத்தேன்னா பாத்துக்கோங்க. அக்கா பங்குக்கும் சேத்து நானே காணிக்கை போட்டுட்டேன்.

ஏழு வருஷம் அது எனக்கு உறுத்தவே இல்ல. இதையும் சொல்லணும், ஏன்னா மனசாட்சி குத்தலன்னா எல்லாம் சரின்னு நெனச்சுக்குறோம். "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளது"ன்னு எரேமியா சொன்னது இதத்தான்.

நான் நல்லாத்தான் ஜெபிக்கிறேன், ஊழியத்துக்கும் குடுக்குறேன். ஆனா பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது நம்ம ஆளுங்களாப் பாக்குறதுல என்ன தப்பு? அது விசுவாசத்தோட சம்பந்தப்பட்டதா?

சம்பந்தப்பட்டதுதான். கிறிஸ்டியன் மேட்ரிமோனி விளம்பரத்துல "ரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற"ன்னு ஆரம்பிச்சு அடுத்த வார்த்தையே சாதியா இருக்கும், ஒரே வரில ரெண்டும் சண்டை போடாம உக்காந்திருக்கும்.

இது நேத்து வந்த வியாதி இல்ல. 1833லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் கூடாது, உடனே விடணும், முழுசா விடணும்னு கடிதம் எழுதினாரு. தஞ்சாவூர், திருச்சி, வேப்பேரி பக்கம் சபைகள்ல பெரிய கலகமே ஆச்சு, ஏகப்பட்டபேரு சபைய விட்டே போனாங்க. அப்பமும் ரசமும் பகிர்ற திருவிருந்துல ஒரே பாத்திரத்துல குடிக்க மாட்டோம்ங்கிறதுதான் சண்டைல முக்கியமான ஒண்ணு. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் சாதி விஷயத்துல மிஷனரிங்கள எதிர்த்து எழுதினவரு, அவரு கீர்த்தனைகள இன்னைக்கும் நாம கண்ண மூடிப் பாடுறோம். அவரோட பக்தி பொய்யின்னு என்னால சொல்ல முடியல. அதேமாதிரி 'அமேசிங் கிரேஸ்' பாட்டு எழுதின ஜான் நியூட்டன், 1748ல புயல்ல கப்பல் முங்கப்போற நேரத்துல ஆண்டவரக் கூப்பிட்டு மனந்திரும்பினவரு, அதுக்கப்புறம்தான் அடிமைகள ஏத்துற கப்பலுக்கே கேப்டன் ஆனாரு. கப்பல்ல ஜெபக்கூட்டமும் நடத்தினாரு, கீழ்த்தட்டுல ஆளுங்கள சங்கிலில கட்டி வச்சிருந்தாங்க. 1754ல கப்பல் வேலைய விட்டதும் உடம்புக்கு முடியாமதான், மனசு கேக்காம இல்ல. நான் இதச் செஞ்சேன், வெக்கமா இருக்குன்னு அவரு புஸ்தகமா எழுதி வெளியிட்டது 1788ல. மனந்திரும்பி 40 வருஷம் கழிச்சு.

அதனால உண்மையான விசுவாசிக்குள்ள பெரிய குருடு இருக்கலாமான்னு கேட்டா, இருக்கலாம், இருந்திருக்கு. யாராவது காட்டினப்புறம் என்ன பண்றோம்ங்கிறதுலதான் விஷயம் இருக்கு. உங்களுக்கு இப்போ நான் காட்டிட்டேன். கல்லறைத் தோட்டத்துலகூட தனி இடம் கேக்குற சபைகள் இருக்குற ஊர்ல வேற எப்படி சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

அற்புதம் நடக்குது, தீர்க்கதரிசனம் சொல்றாங்க, அப்போ அவங்க விசுவாசம் உண்மைதானே?

மத்தேயு 7:22. உமது நாமத்தினாலே அற்புதங்கள் செஞ்சோமேன்னு சொல்றவங்ககிட்டதான் "நான் ஒருக்காலும் உங்களை அறியவில்லை"ன்னு அவரு சொல்றாரு.

என் வீட்டுக்காரர் விசுவாசம் உண்மையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வேணாம்மா. அது அவரோட லெட்ஜர்.

நான் பாவம் செஞ்சிருக்கேன்னு தோணினா திருவிருந்து எடுக்காம விட்டுடலாமா?

பலபேரு 1 கொரிந்தியர் 11ல "அபாத்திரமாய்"ன்ற வார்த்தைய மட்டும் பிடிச்சுக்கிட்டு, பயந்து பெஞ்சுலயே உக்காந்துடுவாங்க. முன்னாடி வாசிங்க. அங்க நடந்தது என்னன்னா, வசதியானவங்க முன்னாடியே வந்து சாப்பிட்டு முடிச்சுடுவாங்க, ஒருத்தன் பசியோட நிப்பான், இன்னொருத்தன் குடிச்சு வெறியேறிக் கெடப்பான். இல்லாதவங்கள வெக்கப்படுத்துறீங்களேன்னு பவுல் திட்டுறாரு. நம்ம ஊர் அசனத்துல, அதான் சர்ச் விருந்துல, ஒரு பந்திய முன்னாடியும் ஒரு பந்திய பின்னாடியும் வச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி. அந்த வசனத்துல "தன்னைத்தானே சோதித்தறிந்து"ன்னு சொல்லிட்டு, அப்புறம் புசிக்கக்கடவன்னுதான் முடியுது, புசிக்காம இருக்கக்கடவன்னு இல்ல. சரி பண்ண வேண்டியது இருந்தா மத்தேயு 5:24 இருக்கு, காணிக்கைய அங்கேயே வச்சுட்டு போய் ஒப்புரவாகிட்டு வா. வராமலேயே இருந்துடுன்னு அவர் சொல்லல. எங்க ஆச்சி காலத்துல திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலமே பக்கத்து வீட்டுச் சண்டைய முடிச்சுட்டு வருவாங்களாம், சண்டை திங்கக்கிழமை திரும்ப ஆரம்பிக்கும், அது வேற விஷயம்.

எனக்கு எப்பவும் இதே யோசனை. மன்னிக்கப்படாத பாவம் செஞ்சுட்டேனோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. ஒரே ஜெபத்த அம்பது தடவ சொல்றேன்.

உங்களுக்கு மேல சொன்னதெல்லாம் வேணாம், தயவு செஞ்சு அதுல இருந்து ஒண்ணையும் எடுத்துக்கிட்டு உங்கள அடிச்சுக்காதீங்க. புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்த ஆரம்பிச்ச மார்ட்டின் லூத்தர் துறவியா இருந்த காலத்துல, குருகிட்ட பாவத்த அறிக்கை பண்ற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா மணிக்கணக்கா உக்காந்துருப்பாராம், அவருக்குப் பெரியவரா இருந்த ஸ்டாவ்பிட்ஸ் அலுத்தே போயிட்டாரு. வில்லியம் கூப்பர்னு இங்கிலீஷ் கவிஞர், நியூட்டனோட பக்கத்து வீட்டுக்காரர், ரெண்டுபேரும் சேந்து பாட்டு எழுதினவங்க. 1773ல அவருக்கு மனசு ஒடஞ்சு, தேவன் தன்னைத் தள்ளிட்டாருன்னு முடிவு பண்ணினவரு, 1800ல சாகுற வரைக்கும் அந்த நெனப்பு போகவே இல்ல. அவரு எழுதின பாட்டப் பாடி எத்தனையோபேரு தேறினாங்க. அது விசுவாசக் கொறைச்சல் இல்ல, நோய். ஓசிடின்னு இன்னைக்கு டாக்டருங்க சொல்றதுல ஒரு வகை அப்படியே இந்த மாதிரிதான் வரும், பக்தி வேஷம் போட்டு. கை கழுவிட்டே இருக்குறவங்க மாதிரி மனச கழுவிட்டே இருப்பாங்க, எத்தன தடவ கழுவினாலும் அழுக்கா தெரியும். மனநல டாக்டரப் பாருங்க, மாத்திரை குடுத்தா சாப்பிடுங்க, உபவாச ஜெபத்துக்கு போறதுன்னா டாக்டரப் பாத்துட்டு போங்க. சாகணும்னு தோணிச்சுன்னா அன்னைக்கே வீட்ல சொல்லி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.

யோவான் இந்த ஆளுங்களுக்கும் அதே முதலாம் நிருபத்துல ஒண்ணு எழுதி வச்சிருக்காரு, 3:20, நம்ம இருதயமே நம்மளக் குற்றவாளின்னு சொன்னாலும் தேவன் நம்ம இருதயத்தவிடப் பெரியவர்னு.

நடைமுறைல எப்படி செய்றது? தினமும் செய்யணுமா?

கத்தோலிக்கக்காரங்ககிட்ட ஆன்ம சோதனைன்னு பழைய பழக்கம் இருக்கு, லொயோலா இஞ்ஞாசியார் 1500கள்ல அத முறையா எழுதி வச்சாரு. அவரு பாவத்துல ஆரம்பிக்கல, முதல்ல நன்றி சொல்லு, அப்புறம் வெளிச்சம் கேளு, அப்புறம்தான் நாள திருப்பிப் பாருன்றாரு. நாம நேரா தப்புக்குப் போயிடுவோம், அதான் பாதில ஓடிடுறோம். ராத்திரி பத்து நிமிஷம் போதும். "தேவனே, என்னை ஆராய்ந்து"ன்னு 139ம் சங்கீதம் சொல்ற மாதிரி அவரையே தேடச் சொல்லுங்க, நாமளே டார்ச் அடிச்சா வேணும்கிற மூலையத்தான் காட்டுவோம்.

அப்புறம் வீட்டம்மாகிட்ட கேளுங்க. சர்ச்சுல பேசுற குரலும் வீட்ல பேசுற குரலும் ஒண்ணான்னு அவங்களுக்குத்தான் தெரியும். நான் கேட்டேன். "உண்மைய சொல்லவா"ன்னு ரெண்டு தடவ கேட்டா, அப்பவே பதில் தெரிஞ்சுபோச்சு. வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவுக்கு லீவு நாளைக்கு சம்பளம் பிடிச்சீங்களா, எவர்கிட்ட ஆறு மாசமா ஃபோன் எடுக்காம இருக்கீங்க, இதெல்லாம் எழுதுங்க. என் ரூல் ஒண்ணே ஒண்ணு, முடிவுல ஒரு ஆள் பேரு, ஒரு வேலை, ஒரு தேதி இருக்கணும். "நான் ரொம்ப பெருமைக்காரன் ஆண்டவரே"ன்னு முடிச்சீங்கன்னா அது செல்லாது, அது சொல்ல நல்லாதான் இருக்கும்.

அக்கா விஷயம் என்னாச்சு?

நாலு வருஷத்துக்கு முன்னாடி பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் ஸ்டடிக்கு சகேயுவ எடுத்துக்கிட்டு தயார் பண்ணிட்டு இருந்தேன், நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்னு வாசிச்சதும் கால்குலேட்டர எடுத்துட்டேன், தொழில் புத்தி. நாலு மடங்கு நமக்கு கட்டுப்படியாகாது, பங்கு மட்டும்னா ஒன்பது லட்சம், குடுத்த ஐம்பதாயிரம் போக எட்டரை. அன்னைக்கு ராத்திரி வீட்டம்மாகிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "போய் குடுத்துட்டு வாங்க"ன்னா. தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப் போனேன். அக்கா பணியாரம் சுட்டுட்டு இருந்தா, விஷயத்த சொன்னதும் "இப்ப எதுக்குடா இதெல்லாம்"னா. திரும்பி ஒரு குழி மாவு ஊத்திட்டு, "எவ்வளவு?"ன்னு கேட்டா. சொன்னேன். அவ அடுப்ப அணைச்சுட்டு உக்காந்துட்டா. ஏழு வருஷமா அவளுக்கும் தெரிஞ்சேதான் இருந்திருக்கு.

மொத்தமா குடுக்க வழியில்ல, வருஷத்துக்கு ரெண்டு தவணைன்னு பேசிக்கிட்டோம். இன்னும் மூணு பாக்கி, அடுத்தது ஜூன்ல.